பீச்சாங்கைப் பக்கம்

கர்ர்ர்ர் என்று ஓர் இழுப்பு, கொஞ்சம் பொறுத்து டங். சிந்துஜா பிள்ளையின் வாயருகே கொண்டுபோன கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக் காது கொடுத்தாள். புறக்கடைப் பக்கம்தான். மணி ஏழேகால்தான் ஆகிறது, ஆனால் மலையடிவாரத்து வீட்டுக்கு இருட்டு ஆறரைக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்து வீடு என்று சொல்லிக்கொள்ள மூடிக்கிடக்கும் ஒரு செங்கல் சூளை, அதற்கப்பால் மக்காச்சோளக் காடு, அதற்கப்பால் யானைகள். காலையில்தான் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள், ஒற்றை ஆண் யானை ஓடையைத் தாண்டிவிட்டது, அரிசி வாசனைக்கு வருகிறது, புறக்கடைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள் என்று. சாத்தலாம். தாழ்ப்பாள்தான் போட முடியாது. ஐப்பசி மழையில் கீல் தளர்ந்து கதவு இறங்கி, தாழ்ப்பாளின் நாக்கு நிலைத்துளைக்கு அரை விரல் கீழே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அரை விரல். மூன்று மாதமாக அந்த அரை விரல். "ஒரு நிமிஷ வேலை, வந்து பண்ணித் தர்றேன்" என்றான் தரணி, எங்கிருந்து வந்து என்று சொல்லவில்லை. பத்து நாள் பாலைவனப் பந்தயத்தில் ஓடப்போகிற காரை எலும்பு எலும்பாகக் கழற்றி மாட்டத் தெரிந்தவன், கப்பலேற்றி அனுப்பத் தெரிந்தவன், கதவுக்கு ஒரு பழைய டயரை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இந்த வீட்டில் எல்லாமே முட்டுக்கொடுத்து நிற்பவைதான். துணி காயப்போடும் கம்பி கிளட்ச் கேபிளில், தண்ணீர்த் தொட்டியின் மூடி ஒரு பேட்டரியின் கனத்தில். பாப்பா வாயைத் திறந்துகொண்டு கரண்டிக்குக் காத்திருந்தாள், கேழ்வரகுக் கூழ் ஆறித் தோல் கட்டியிருந்தது. சிந்துஜா ஊட்டினாள். ஒரு கண் கரண்டியில், ஒரு கண் தரையில் சாய்த்து வைத்த போனில். போனில் மஞ்சள் நிறமாக ஒரு நாடு, அதில் எறும்பு எறும்பாக நீலப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் தலையில் ஓர் எண். இருநூற்றுப் பதினாலு, அதுதான் அவள் புருஷன்.

இன்றைக்கு ஏழாவது நாள், ஏழாவது ஸ்டேஜ். முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் மணல், நடுவில் ஊர் கிடையாது, சாலை கிடையாது. டிரைவர் ஓட்டுவான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டர் ரோடு புக்கைப் பார்த்து வழி சொல்லுவான். காலையில் கிளம்பும்போதே இருவரின் போனையும் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள், சாயங்காலம் கூடாரத்துக்கு வந்தால்தான் பிரிக்கலாம். ஆகவே உலகத்தில் யாராலும் அந்தப் புள்ளியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். இந்த விதியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தெரியும். பார்க்கலாமாம், சொல்லக்கூடாதாம். அதுவும் ஒழுங்காகப் பார்க்க விடுகிறதா, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறைதான் புள்ளி நகரும், நடுவில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அது சுற்றி முடிப்பதற்குள் ஒரு மனுஷி நான்கு முறை விதவையாகிவிடலாம். சீ, என்ன நினைப்பு. சிந்துஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நூற்று அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரில்தான் ஆரம்பித்தது. அங்கே கரும்பாறை ஒன்று நிலத்தைப் பிளந்துகொண்டு நிற்கிறது, படத்திலேயே தெரிகிறது. இருநூற்று ஏழு வந்தது, பாறைக்கு இடதுபக்கம் போயிற்று. இருநூற்றுப் பத்து, இடது. இருநூற்று ஒன்பது கொஞ்சம் தயங்கிவிட்டு, இடது. இருநூற்றுப் பதினாலு வந்தது, தயங்கவே இல்லை, ஜம்மென்று வலதுபக்கம் திரும்பி, மஞ்சளிலும் பழுத்த மஞ்சளாக இருக்கும் ஒரு மணல் குழிக்குள் இறங்கிப் போயிற்று. "அடப் பாவி" என்றாள் சிந்துஜா, பாப்பா சிரித்தாள். சிரிக்காதே. உங்கப்பன் போற வழியைப் பாரு. அவன் லெஃப்ட் என்றுதான் சொல்லியிருப்பான், நேவிகேட்டராகப் புதிதாக வந்திருக்கும் அந்தப் பூனாக்காரன் ஆஷுதோஷ், படித்தவன், கச்சிதமானவன், அவன் ரோடு புக்கைத் தப்பாகப் படிக்கிற ஆளே இல்லை. லெஃப்ட் என்று சரியாகச் சொல்லியிருப்பான், லெஃப்ட் ப்ளீஸ் என்று மரியாதையாகக்கூடச் சொல்லியிருப்பான், அதுதானே கோளாறு.

தரணிக்கு அவசரத்தில் லெஃப்ட் ரைட் தெரியாது. நம்புவார்களா? நிதானமாகக் கேட்டால் தெரியும், சாலையில் தெரியும், தேர்வில் எழுதச் சொன்னால் நூற்றுக்கு நூறு. ஆனால் என்ஜின் அலறும்போது, கண்ணுக்கு முன்னால் மணல் எழும்பி நிற்கும்போது, லெஃப்ட் என்ற சொல் அவன் காதுக்குள் போய்க் குட்டிக்கரணம் போட்டு ரைட்டாகக் கையில் வந்து இறங்கும். பிறவியிலேயே இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று பிரம்பால் முழங்காலில் தட்டித் தட்டி நேர்ப்படுத்தியதில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டன போல. அவளுக்கே அது தெரிந்தது ராஜஸ்தானில், கல்யாணமாகி நாலாவது மாதம், இருவரும் சேர்ந்து ஓடிய முதல் பந்தயத்தில். ஒரு மணல் மேட்டின் முகட்டில் அவள் "லெஃப்ட்" என்றாள், அவன் வலதுபக்கம் ஒடித்தான், முன்சக்கரம் இரண்டும் வெறும் காற்றில் நின்றன. கீழே பார்த்தாள், செங்குத்தாக இரண்டு பனை உயரம். மறுபடி "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினாள், அவன் இன்னும் வலதுபக்கம் ஒடித்தான், வண்டி ஒரு சாண் சரிந்தது. அப்போது அவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. குன்னூர் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்த வாய். தமிழில் பேசினால் கழுத்தில் அட்டை மாட்டிவிடும் பள்ளி, சிஸ்டர் பெர்னதெத் கையில் மணிமாலையை உருட்டிக்கொண்டே யார் பேச்சில் தெருவாடை அடிக்கிறது என்று மோப்பம் பிடித்துத் திரிவார். அந்த வாய் "பீச்சாங்கை, தரணி, பீச்சாங்கை" என்று கத்திற்று. உடனே அவன் கை இடதுபக்கம் போயிற்று. நாய்க்குட்டி மாதிரிப் போயிற்று. வண்டி முகட்டில் ஏறி நின்றது. இருவரும் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார்கள், பிறகு அவன், "என்ன வார்த்தை சொன்ன நீ?" என்று கேட்டுவிட்டு ஹெல்மெட்டுக்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சோறு தின்கிற கை சோத்தாங்கை, கழுவுகிற கை பீச்சாங்கை. பிரம்பு மிரட்டிக் குழப்பிய பிள்ளைக்கு அவன் அம்மா, அதாவது அத்தை, தட்டுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான் குழம்பாமல் தங்கியிருந்தது. அதையும் சேர்த்து ஐந்து பந்தயம். வீட்டில் அத்தைக்கு முன்னால் வாங்க போங்க, காருக்குள் நீ, தரணி, சோத்தாங்கை, பீச்சாங்கை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை. அவனிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளவே மாட்டான், "எனக்கா? லெஃப்ட் ரைட் தெரியாதா? அவ சும்மா கிண்டல் பண்றா" என்பான். ஆண்பிள்ளை. மகா ஆண்பிள்ளை. இப்போது குழிக்குள் கிடக்கிறது ஆண்பிள்ளைத்தனம்.

கர்ர்ர்ர். டங். சிந்துஜா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கு நடுவில் போய் நின்றாள். டயர் அப்படியே இருந்தது. கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக இருட்டு வருகிற மாதிரி இருந்தது, காற்றுத்தான் வந்தது. யானை என்றால் சத்தமே வராது என்பார்கள், அதன் பாதம் பஞ்சு, அது வந்து நிற்பதே தெரியாது, சுவர்தான் முதலில் விழும். ஆகவே சத்தம் வருவதால் இது யானை இல்லை. நல்ல தர்க்கம். அப்படியென்றால் என்ன, ஆளா? இரும்பை இழுக்கிற ஆளா? புறக்கடை ஷெட்டில் கிடக்கும் கார் இரும்பைத் திருட வருகிறவனுக்கு இந்த வீட்டில் ஒருத்தியும் ஒரு பிள்ளையும்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்குமா? அத்தை கோபியில் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறார், நாளை மத்தியானம்தான் வருவார். போன் ஒலித்தது, துள்ளிவிட்டாள். அத்தைதான். "கண்ணு, பாப்பா தின்னுச்சா?" "தின்னுட்டே இருக்கா அத்தை." "தரணி பேசுனானா?" "இன்னும் ஓடிட்டிருக்காங்க. அங்க இருட்டினப்புறம்தான் பேசுவாங்க." "ஆனை வருதாமா? சின்ன மாமன் சொன்னாரு. பின்னாலக் கதவச் சாத்தினியா?" "சாத்திட்டேன்." "தாப்பாள் போட்டியா?" சிந்துஜா தாழ்ப்பாளைப் பார்த்தாள். அரை விரல். "போட்டுட்டேன் அத்தை." போனை வைத்த பிறகு முகம் சுட்டது. பொய் சொன்னால் அன்றிரவே முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள், சாமி வேறாக இருந்தாலும் முழங்கால் அதேதான். இது சின்னப் பொய். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதை அவள் மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள், இருநூற்றுப் பதினாலு குழிக்குள் சுற்றுகிற மாதிரி. ஆமாம், புள்ளி இப்போது சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கே கொஞ்சம், திரும்பிக் கிழக்கே கொஞ்சம், மறுபடி வந்த இடத்துக்கே. வெளியே வரும் வாயைத் தேடுகிறார்கள். அவன் லெஃப்ட் ப்ளீஸ் என்பான், இவன் ரைட்டில் போவான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த ஆஷுதோஷ் போன் செய்திருந்தான். பாப்பா மார்பில், போன் தோளில். "பாபி, தொந்தரவுக்கு மன்னிக்கணும்," அண்ணியை வடக்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், மீதி இங்கிலீஷில்தான், சிஸ்டர் பெர்னதெத் கேட்டால் உச்சி முகர்ந்திருப்பார், அப்படி ஓர் இங்கிலீஷ், "ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கிறுக்கு இருக்கும். நீங்க அஞ்சு பந்தயம் அவர்கூட உட்கார்ந்திருக்கீங்க. எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா?" அப்போது ஜன்னலுக்கு வெளியே ஷெட்டில் காரின் இடப்பக்க ஸீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். அவள் ஸீட். அவள் முதுகுக்கு அளவெடுத்து அடைத்த பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு மெக்கானிக் ஆறுச்சாமி அண்ணன் ஆஷுதோஷின் முதுகுக்கு அடைத்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை நீட்டினார்கள், அவனுக்குத் தொப்பை கொஞ்சம் கூட. பிய்ந்த பஞ்சு முற்றம் முழுக்கப் பறந்தது, ஒன்று வந்து ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. அவள் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அப்படி ஒண்ணும் இல்ல. நேரத்துக்குச் சாப்பாடு போட்டாப் போதும்." அவன் சிரித்தான், "நோட் பண்ணிக்கறேன் பாபி" என்றான். அவ்வளவுதான். மறந்துபோயிற்றா? பிள்ளை பிறந்த பிறகு எல்லாந்தான் மறக்கிறது, அடுப்பில் பால், பூட்டில் சாவி. மறந்திருக்கலாம். இல்லை. மறக்கவில்லை. நாக்கு நுனியில் இருந்தது, நன்றாகத் தெரியும், இருந்தது. அந்த வார்த்தையை ஒரு மராட்டியனிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமா? கூச்சமும்தான். ஆனால் கூச்சத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் இடறுகிறது. ஸீட்டை எடுத்துக்கோ. பெல்ட்டை நீட்டிக்கோ. வார்த்தையையும் கொடுத்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது அந்தக் காரில்? கேழ்வரகுக் கூழ்தான் இருக்கிறது எனக்கு. இரண்டு மணிக்கொரு தடவை பால், மூன்று மணிக்கொரு தடவை ஈரத்துணி. போகட்டும், ஒரு மேட்டில் தடுமாறட்டும், அப்போது நினைக்கட்டும், பக்கத்தில் சிந்து இல்லையே என்று. நினைக்கட்டும் என்றுதான் இருந்தாள். செத்துப்போகட்டும் என்று இல்லை. அம்மா தாயே, அப்படி இல்லை.

புள்ளி நின்றுவிட்டது. முதல் சக்கரம் சுற்றி முடிந்தது, நகரவில்லை. இரண்டாவது, நகரவில்லை. ஐந்து, ஆறு. பதினெட்டு நிமிஷம். அங்கே இப்போது மணி ஐந்தேகால், இன்னும் அரை மணியில் சூரியன் விழும். காருக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அடிபட்டால் அமுக்க வேண்டும், அமுக்கினால் புள்ளி சிவப்பாகும், ஹெலிகாப்டர் வரும். புள்ளி நீலமாகத்தான் இருக்கிறது. ஆகவே ஒன்றுமில்லை. அல்லது அமுக்குவதற்குக் கை எழவில்லை. சோத்தாங்கையும் எழவில்லை, பீச்சாங்கையும் எழவில்லை. ஏன் இப்படியே யோசிக்கிறது இந்தத் தலை, தலையைக் கழற்றி வைக்க ஓர் ஆணி இருந்தால் தேவலை. கூடாரத்தில் காத்திருக்கும் ஆறுச்சாமி அண்ணனுக்குப் போட்டாள். மெக்கானிக்குகளிடம் போன் இருக்கும், ஆனால் அவர்களாலும் காரிடம் பேச முடியாது. "சொல்லுங்க அம்மிணி." "அண்ணா, நின்னுருச்சு." "பாத்துட்டுத்தானுங்க இருக்கறன். மணல்ல மாட்டிருப்பாங்க. தோண்டிட்டு வருவாங்க." "பாறைகிட்ட சோத்தாங்கைப் பக்கம் போயிட்டாங்கண்ணா." "ஆமாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் போனா இவரு இந்தப் பக்கம் போறாரு. கல்யாண ஊட்ல பந்தி எங்கன்னு தெரியாம சமையக்கட்டுக்குள்ள போறாப்ல." அவர் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், அவருக்கும் பயந்தான், பீடியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நேத்தும் ரெண்டு தடவ இப்படித்தானுங்க. பூனாக்காரர் ராத்திரி சாப்பிடவே இல்ல, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தாரு. நாளைக்கு வேற பெரிய மேடுங்களாம், ஒரு பக்கம் ஒடஞ்சு நிக்கற முகடு." உடைந்து நிற்கும் முகடு. திரும்ப வேண்டிய பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை, மற்றப் பக்கம் திரும்பினால் இரண்டு பனை உயரம். சிந்துஜாவுக்கு உள்ளங்கால் கூசிற்று. "அண்ணா, அவங்க வந்ததும் முதல்ல ஆஷுதோஷை எங்கிட்டப் பேசச் சொல்லுங்க. அவரை இல்ல, ஆஷுதோஷை." "பூனாக்காரரையா?" "ஆமா." "சரிங்க அம்மிணி. நீங்க ஒரு வாய் தின்னீங்களா?" தின்னவில்லை. பாப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அவளுடைய மூச்சு கழுத்தில் விட்டு விட்டு இறங்கியது, பத்துக் கிலோ இருப்பாள், அன்றைக்கு முகட்டில் சரிந்தபோது இவள் எங்கேயும் இல்லை, இப்போது இருக்கிறாள், அதுதான் பயத்தின் கனம் இவ்வளவு கூடிவிட்டது போல. கர்ர்ர்ர். டங். வா, யாராக இருந்தாலும் வந்து தொலை, எனக்கு இப்போது உன்னைப் பார்க்க நேரமில்லை.

முப்பத்தொன்பது நிமிஷம், நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. அங்கே சூரியன் விழுந்திருக்கும். அடுத்த முறை சக்கரம் சுற்றி முடிந்தபோது புள்ளி இருந்த இடத்தில் இல்லை. ஒரு நொடி எங்கேயும் இல்லை, பிறகு திரையின் ஓரத்தில் இருந்தது, பாறைக்குப் பின்னால், இடப்பக்கம். சிந்துஜா சுவரில் முதுகை வைத்துச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள், பிள்ளை விழித்துவிடாமல். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வந்துவிட்டான், மகராசன். வந்து என்ன சொல்லப்போகிறான், சும்மா மணல்ல மாட்டிக்கிட்டோம் என்பான். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் புள்ளி இருட்டில் நிதானமாக ஊர்ந்தது, அவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள், போனைக் கீழே வைக்காமலேயே ஆறிய தோசை ஒன்றைத் தின்றாள், வலக்கையால் தின்றாள், தின்னும்போது கையைப் பார்த்தாள். பத்து மணிக்குச் சற்று முன்னால் புள்ளி, படத்தில் கூடாரத்தைக் குறிக்கும் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. போன் ஒலித்தது. "பாபி? ஆறுச்சாமி உங்களோட பேசச் சொன்னார்." ஆஷுதோஷின் குரலில் மணல் இருந்தது. "நாங்க நல்லா இருக்கோம். மணல்ல புதைஞ்சுட்டோம், ரெண்டு பேரும் கையால தோண்டினோம்." மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தான். "பாபி, ஒண்ணு கேக்கலாமா? அவருக்கு என் மேல நம்பிக்கை இல்லையா? நான் லெஃப்ட்னு சொன்னா ரைட்ல போறார். கேட்டா, நீ ரைட்னுதான் சொன்னேங்கறார். ஏழு நாளா நான் பைத்தியமான்னு யோசிச்சிட்டிருக்கேன்." ஏழு நாள். அந்த மனுஷன் ஏழு நாளாகத் தன் வாயையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "நீங்க பைத்தியம் இல்ல," என்றாள் சிந்துஜா. "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. மறந்து போகல, சொல்லல." சொன்ன சூட்டோடு மேலே பேசினாள். "அவருக்கு லெஃப்ட் ரைட் சொல்லாதீங்க. நாளையிலேர்ந்து ரெண்டு தமிழ் வார்த்தை சொல்லணும். எழுதிக்கறீங்களா?" "சொல்லுங்க." தொட்டிலைப் பார்த்தாள். கான்வென்ட் சுவர்கள் எல்லாம் சுற்றிவர நின்று காது கொடுக்கிற மாதிரி இருந்தது. "ரைட்டுக்கு, சோத்தாங்கை." "ஸோ. தாங். கை." "லெஃப்ட்டுக்கு, பீச்சாங்கை." "பீ. சாங். கை. என்ன அர்த்தம் பாபி?" "ஒண்ணு சாப்பிடற கை. இன்னொண்ணு சாப்பிடாத கை." அவன் யோசித்தான். யோசித்து முடித்தது தெரிந்தது. "ஓ," என்றான், "ஓஹோ," என்றான், ஏழு நாளில் முதல்தடவையாக இருக்கும், சிரித்தான். "அழுத்திச் சொல்லணும். ரெண்டு தடவை சொல்லணும். பேர் சொல்லிக் கூப்பிடணும், தரணின்னு, மிஸ்டர் எல்லாம் வேண்டாம். அப்புறம் ஆஷுதோஷ், ப்ளீஸ் போடாதீங்க." "பீச்சாங்கை, தரணி, பீச்சாங்கை," என்றான் அவன். சரியாக இருந்தது. நன்றாகவே இருந்தது. அவள் சொல்கிற மாதிரியே ஏறி இறங்கியது, அதைக் கேட்கத்தான் எப்படியோ இருந்தது, தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ தெருவில் போவதைப் பார்க்கிற மாதிரி.

பிறகு தரணி பேசினான். "என்னத்தச் சொல்லிக் குடுத்த அவனுக்கு? கூடாரம் பூரா பீச்சாங்கை பீச்சாங்கைன்னு சொல்லிட்டுத் திரியறான். ஆறுச்சாமியண்ணன் பொறையேறிக் கெடக்கறாரு." "அடிபட்டுச்சா?" "இல்ல. சும்மா மணல்ல மாட்டிக்கிட்டோம்." சொன்னானா இல்லையா. "உனக்கு லெஃப்ட் ரைட் தெரியாதுன்னும் சொல்லிட்டேன்." தரணி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை, அது புதிது. "அது நீ மட்டும் சொல்ற வார்த்தையாச்சே, சிந்து," என்றான், மெதுவாக. "நாளைக்கு ஒடஞ்ச முகடு இருக்கு. யார் சொன்னா என்ன, கை சரியாத் திரும்பினாச் சரி," என்றாள் அவள். "ம்." "ம் இல்ல. திரும்பணும்." "திரும்பறேன்." பாப்பா தூங்கிட்டாளா என்றான், தூங்கிட்டா என்றாள். "அங்க ஆனை வந்துருக்குதாமா, அம்மா சொன்னாங்க. பின்னாலக் கதவு?" "உன் டயர்தான் காவல் காக்குது." "வந்ததும் ஒரு நிமிஷ வே..." "வை, தரணி. போய்த் தூங்கு," என்று சொல்லிவிட்டு அவளே வைத்தாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. கர்ர்ர்ர். டங். அவள் விளக்கைப் போடாமல் அடுக்களை ஜன்னலுக்குப் போனாள், போய்ப் பார்க்க இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஷெட் வாசலில் அவர்கள் முதலில் ஓட்டிய பழைய ஜீப் நின்றது. அதை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கழன்று மலைக்காற்றில் உப்பி எழுந்தது, அது பறக்காமலிருக்கக் கயிற்றின் முனையில் தரணி கட்டிவிட்டுப் போன துருப்பிடித்த பிரேக் டிரம் சிமென்ட் தரையில் கர்ர்ர்ர் என்று இழுபட்டுப் போய்ப் படியில் டங் என்று இடித்தது. பிறகு காற்று அடங்கிற்று, தார்ப்பாய் தளர்ந்தது, டிரம் கிடந்தது. முட்டுக்கொடுத்த இன்னொன்று. யானையுமில்லை, ஆளுமில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவளைக் கொன்றது ஒரு பிரேக் டிரம். தார்ப்பாய் விலகிய இடத்தில் ஜீப்பின் இடப்பக்க ஸீட் நிலா வெளிச்சத்தில் தெரிந்தது, காலியாக. நன்றாகத்தான் இருந்தது, யாரும் பஞ்சைப் பிய்க்காத ஸீட். இருக்கட்டும், எங்கே போகப்போகிறது.

ஆனாலும் யானை இருக்கிறது. ஓடையைத் தாண்டியது தாண்டியதுதான், அத்தையிடம் சொன்ன பொய்யும் சொன்னதுதான். அவள் டயரை உருட்டிச் சுவரோரம் சாய்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கிப் பார்த்தாள், தூக்கத் தூக்கத் தாழ்ப்பாளைத் தள்ளக் கையில்லை, தாழ்ப்பாளைப் பிடித்தால் தூக்கக் கையில்லை. இரண்டு கையும் போதாத வேலை. மூன்று மாதமாக இதைத்தான் செய்து செய்து எரிச்சலோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மணலில் சக்கரம் புதைந்தால் என்ன செய்வோம்? அவன் தோண்டுவான், நான் அடியில் இரும்பைச் செருகி மிதிப்பேன். அலமாரிக்கு அடியில் கிடந்த கருவிப்பெட்டியைச் சத்தமில்லாமல் இழுத்தாள். டயர் கழற்றும் லீவர், முழங்கை நீளம், நுனி தட்டை, ஐந்து பந்தயத்திலும் அவள் காலடியில் கிடந்தது. தட்டை நுனியைக் கதவின் அடி இடுக்கில் செருகினாள், அதற்குக் கீழே தேங்காய் உடைக்க வைத்திருந்த மரக்கட்டையைத் தள்ளினாள், மறுநுனியில் வெறுங்காலை வைத்து மிதித்தாள். மெதுவாக, மணலில் மிதிக்கிற மாதிரி, எடையை ஒரே மூச்சில் போடாமல். கதவு முனகிற்று, கீல் கிறீச்சிட்டது, கதவு எழுந்தது. கால் விரல். அரை விரல். காலை எடுக்காமலேயே குனிந்து பீச்சாங்கையால் தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினாள். நாக்கு துளைக்குள் நுழைந்து, கடைசிவரைக்கும் போய், டக்கென்று உட்கார்ந்தது.